இருக்கிறதா என்று பார்த்தவள்

அவள் எந்தக் கதவையும் ஒரே தடவையில் பூட்டிவிட்டு நகர்ந்ததில்லை. ஈப்போவில் எங்கள் அடுக்குமாடியின் நாலாவது மாடியில் நானும் அவளும் எதிரெதிர் வீடு. காலை ஷிப்டுக்குத் தொழிற்சாலை வேன் ஆறு மணிக்கெல்லாம் கீழே வந்து நிற்கும். அவள் கதவைப் பூட்டுவாள், இரும்புக் கிரில்லைப் பூட்டுவாள், பூட்டைப் பிடித்து மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். இரண்டாவது மாடி வரைக்கும் என்னோடு இறங்குவாள். அங்கே நின்றுவிடுவாள்.

"அக்கா, நீங்க போங்க. நான் ஒரு வாட்டி பார்த்துட்டு வாரேன்."

"பார்த்துட்டுத்தானே வந்த?"

"பார்த்தேன். ஆனா பார்த்தேனான்னு தெரியலக்கா."

வேன் டிரைவர் ஹார்ன் அடிப்பார். "ரெண்டு நிமிஷம்லா அண்ணே" என்று அவரைச் சமாதானப்படுத்துவது என் வேலை. அவள் மூச்சு வாங்க ஓடி வந்து என் பக்கத்தில் உட்காருவாள். பதினோரு வருஷம் எதிர்வீட்டில் இருந்தாள். அவள் ஓடிப்போய்ப் பார்த்த நாள்களில் ஒன்றில்கூட அந்தப் பூட்டு திறந்து கிடந்ததில்லை.

எங்களுக்கு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நான் பொதி கட்டும் பிரிவு. அவள் சோதனைப் பிரிவு. கையுறைக்குள் தண்ணீரை ஊற்றி வரிசையாகத் தொங்கவிடுவார்கள். எந்த விரலிலாவது சொட்டு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகளை எல்லாம் அவள் கண்டுபிடிப்பாள். சில சமயம் தண்ணீரே தேவைப்படாது. கையுறையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, நம்மால் எதையும் பார்க்க முடியாத இடத்தில் விரலை வைப்பாள். ஊற்றிப் பார்த்தால் அங்கேதான் கசியும். கூட வேலை செய்த மலாய்ப் பெண்கள் அவளை 'காக் லுபாங்' என்று கூப்பிட்டார்கள். ஓட்டை அக்கா. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை, சிரித்துக்கொள்வாள்.

ஒரு தடவை வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சரக்கில் சோதனைக்கு எடுத்த மாதிரிகளில் ஓட்டை அனுமதித்த அளவுக்குள் இருந்தது, அனுப்பிவிடலாம் என்று தாள் சொன்னது. அவள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. லைன் லீடர் வந்து நின்றார்.

"ஏன்லா பிரச்சனை பண்ற? பாஸ் ஆயிருச்சு. லெபாஸ் பண்ணி அனுப்பிவிடு."

"மனசுக்குச் சரியாப்படலண்ணே. இன்னும் கொஞ்சம் பார்க்கணும்."

"மனசுக்குத் தாள்ல இடம் இல்ல."

"எந்த ஊரு நர்ஸோ. கையில சின்ன வெட்டு இருக்கும். அவங்களுக்கு யாருண்ணே பார்த்துச் சொல்றது?"

சாப்பாட்டு நேரத்திலும் உட்கார்ந்து பார்த்தாள். சரக்கின் நடுவில் ஒரே அச்சில் வந்த கையுறைகள் எல்லாவற்றிலும் கட்டைவிரல் அடியில் துளை இருந்தது. லைன் லீடர் அதன் பிறகு அவளிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படிப்பட்ட ஒரு ஆள் நம் வீட்டுக்கு எதிரில் இருக்கிறாள் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

இன்று அவளை நினைத்தால் முதலில் வருவது அந்த நிம்மதி அல்ல. அவளைச் சபைக்குக் கூட்டிப்போனது நான்தான் என்பதுதான் முதலில் வருகிறது.

நான் பிறவி லுத்தரன். என் அப்பா கோலா கங்சார் பக்கத்துத் தோட்டங்களில் உபதேசியாராக இருந்தவர். மனுஷன் தன் நற்செயல்களால் அல்ல, விசுவாசத்தினால் மட்டுமே கடவுளுக்கு முன் நீதிமானாக்கப்படுகிறான் என்பதை ஏழு வயதில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தவள் நான். தவறாமல் ஒப்பித்தால் அப்பா ஒரு மிட்டாய் தருவார். அதற்கு மேல் அந்த வாக்கியத்தோடு எனக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. கல்யாணம், பிள்ளைகள், கணவரின் சாவு எல்லாம் அதைத் தொடாமலே நடந்து முடிந்தன.

அவள் கழுத்துக்கு மேலே முடியை வெட்டியிருந்தாள். எங்கள் வயதுத் தமிழ்ப் பெண்களில் அப்படி வெட்டுகிறவர்கள் அன்று குறைவு. ஒரு நாள் வேனில் வரும்போது ஏன் என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். அவளுக்குப் பதினோரு வயதாகும்போது தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. பையன் பிழைத்தால் மகள் முடி இறக்குவாள் என்று அம்மா தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். இவள் அழுதாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று மாட்டேன் என்றாள். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று அம்மா விட்டுவிட்டாள். நாலாம் நாள் தம்பி இறந்துபோனான்.

"உன்னாலதான்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலக்கா. அம்மா அதப் பத்திப் பேசினதே இல்ல. பூசாரித் தாத்தா என்னைக் கூப்பிட்டு, ஆத்தா சின்னப் பிள்ளைகிட்ட அப்படியெல்லாம் கேக்க மாட்டா, போயி விளையாடுன்னுகூடச் சொன்னாரு." பிடரியில் வெட்டிய முடியைத் தடவிக்கொண்டாள். "ஆனா நான் உள்ள பார்த்தேன்லக்கா. முடி வேணும்னு நெனச்சது நான்தானே. அதுக்கப்புறம் வளர்க்கப் பிடிக்கல."

அந்த வாரமே அவளை ஞாயிறு ஆராதனைக்குக் கூப்பிட்டேன். அவளுக்கு ஆறுதலாக ஏதோ செய்ய வேண்டும் போலிருந்தது. என்னிடம் இருந்தது அதுதான்.

எங்கள் போதகர் பாகான் செராய்க்காரர். சின்ன வயது. பெரியவர்களுக்கு ஞானஸ்நான வகுப்பை சனிக்கிழமை மத்தியானம் சபைக்குப் பின்னாலிருந்த அறையில் நடத்துவார். நானும் துணைக்குப் போய் உட்காருவேன். அன்றைய பாடம் நீதிமானாக்கப்படுதல்.

"நீங்க நல்லவங்களா மாறின பிறகு இல்ல," என்றார் போதகர். "இப்ப இருக்கிற மாதிரியே. காணிக்கை வேணாம், விரதம் வேணாம், பரிகாரம் வேணாம். கடவுள் குடுக்கிறாரு, நீங்க கையை நீட்டுறீங்க. அந்தக் கைதான் விசுவாசம். ஆனா ஒன்னு, கையை அவங்கவங்கதான் நீட்டணும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் சாப்பிட முடியாதுல்ல? அதே மாதிரி ஒருத்தருக்காக இன்னொருத்தர் விசுவாசிக்க முடியாது."

அவள் கையை உயர்த்தினாள். "பாஸ்டர், முன்னாடி ஒன்னு குடுக்காம விட்டிருந்தா?"

"அதுவும் முடிஞ்சு போச்சு."

"இனிமே குடுக்க வேணாமா?"

"வேணாம்."

அவள் அழவில்லை. மேசை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பத்து நிமிஷம் எழுந்திருக்கவே இல்லை. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் கடைக்குப் போய் இரண்டு பேரும் சாப்பிடலாம் என்றாள். அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் அவள் நன்றாக இருந்தாள். ஞானஸ்நானம் பெற்றாள். வேனில் பாட்டு முணுமுணுத்தாள். முடி தோள் வரை வளர்ந்தது. என் பேத்திக்கு ஜடை பின்னிவிட்டாள். பூட்டை இழுத்துப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. ஆனால் மூன்று தடவை ஒன்றாகியது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். நல்ல பேச்சுக்காரர். உயிருள்ள விசுவாசமும் உண்டு, செத்த விசுவாசமும் உண்டு என்றார். இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும் என்றார். "உங்ககிட்ட இருக்கிறது எதுன்னு ஒவ்வொருத்தரும் வீட்டுக்குப் போயி சோதிச்சுப் பாருங்க." எல்லாரும் தலையாட்டினோம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

அவளுக்கு அப்படி இல்லை. சோதிப்பது அவளுடைய தொழில்.

அடுத்த வாரமே ஆரம்பித்தாள். "அக்கா, நீங்க பொறந்ததுலேருந்து லுத்தரன். உங்ககிட்ட விசுவாசம் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்லா. இருக்கு."

"எப்படி?"

போதகரிடமும் கேட்டாள். "கையை நீட்டினா போதும்னீங்களே பாஸ்டர், நான் நீட்டியிருக்கேனா இல்ல நீட்டின மாதிரி நெனச்சுக்கிட்டிருக்கேனா?" அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். எங்கள் சபைக்குப் பெயர் வரக் காரணமான அந்த ஜெர்மன் துறவியும் இப்படித்தான் தன்னைத் தானே கிளறிக்கொண்டிருந்தார், பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு வாசல் தாண்டுமுன் திரும்பி ஓடி வருவார் என்றார். அவள் கவனமாகக் கேட்டாள். "அவருக்குக் கடைசியில கெடைச்சிருச்சு. அதான் பாஸ்டர், அவருக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றாள்.

திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க முன்னே போய் முழங்கால் போடுவதை நிறுத்தினாள். தகுதி இல்லாமல் வாங்கக் கூடாது, தெரிந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். எல்லாரும் முன்னே போகும்போது பெஞ்சில் தனியாக உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது பிடிக்கவில்லை. கூட்டி வந்தவள் நான் என்பதால் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைத்தான் அக்கறை என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து வேனில் ஏறியிருந்தோம். கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது. அவள் மறுபடி கேட்டாள். நான் கண்ணைத் திறக்காமலே சொன்னேன்.

"பயம் இல்லன்னா விசுவாசம் இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான்லா. என்னைத் தூங்க விடு."

இதை அப்பா எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. எந்தப் போதகரும் சொல்லவில்லை. தூக்கத்துக்காக நானே அந்த நிமிஷத்தில் உண்டாக்கினது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். அவள் பூட்டைப் பார்க்கவே இல்லை. கதவைச் சாத்தினாள், என்னோடு இறங்கினாள், இரண்டாவது மாடியில் நிற்கவில்லை. வேன் வருவதற்கு முன்னால் நாங்கள் கீழே நின்றோம். டிரைவர் அண்ணன் ஆச்சரியமாகப் பார்த்தார். "அக்காவுக்கு நல்லாயிருச்சு போல" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று என் பேத்தியிடம்கூடச் சொன்னேன், ஆண்ட்டி இப்போ நல்லாயிட்டாங்க என்று.

அவள் முகம் மெலிந்திருந்தது. தண்ணீர் நிறையக் குடித்தாள். நோன்பு மாதிரி ஏதோ இருக்கிறாளாக்கும் என்று விட்டுவிட்டேன்.

தொழிற்சாலைக்கு எதிர்ப்பக்கம் பெரிய சாலை. அதைத் தாண்டினால்தான் சாப்பாட்டுக் கடை. லாரிகள் நிற்காமல் போகும். ஒரு மத்தியானம் நான் முன்னால் போய்க் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் எதிரே சாலை ஓரத்தில் வந்து நின்றாள். எப்போதும் இடது, வலது, மறுபடி இடது என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பாள். அன்று எங்கேயும் பார்க்கவில்லை. நேரே என்னைப் பார்த்துக்கொண்டே இறங்கி நடந்தாள். ஓடவில்லை. பசாருக்குக் காய் வாங்கப் போகிற மாதிரி நடந்தாள். செம்பனைப் பழம் ஏற்றிய லாரி ஒன்று பிரேக் போட்ட சத்தத்தில் கடையிலிருந்த எல்லாரும் எழுந்துவிட்டார்கள். லாரியின் முன்பக்கம் அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. டிரைவர் மலாயில் திட்டிக்கொண்டே இறங்கினார். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னடி பண்ற? செத்திருப்ப."

"பயம் வருதான்னு பார்த்தேன்க்கா."

"வந்துச்சா?"

"வந்துச்சு." குரல் இறங்கிப்போயிருந்தது. சரக்கு தேறவில்லை என்று எழுதும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "ரொம்ப வந்துச்சுக்கா."

அன்றைக்கே நான் போதகரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் நான் வேனில் சொன்னதையும் சொல்ல வேண்டியிருக்கும். அவளிடம் மட்டும், இனிமேல் இப்படிச் செய்யாதே என்று சத்தியம் வாங்கினேன். சாலையில் செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். 'சாலையில்' என்று அவள் சொன்னதை அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை சாப்பிட நாசி லெமாக் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தித்தான் இருந்தது, தள்ளியதும் திறந்தது. உள்ளே ஒரு வாடை அடித்தது. பழம் அழுகின மாதிரி. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது காலில் துணி சுற்றியிருந்தது. தொழிற்சாலை பூட்ஸ் கடித்துப் புண்ணாகிவிட்டது என்றாள். தண்ணீர் எடுக்க ஐஸ் பெட்டியைத் திறந்தேன்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி பத்து வருஷமாக உண்டு. இரவில் இன்சுலின் ஊசி, இரண்டு வேளை மாத்திரை. அரசாங்க கிளினிக்கில் மாதாமாதம் வாங்கி வருவாள். அந்த இன்சுலின் பேனாக்கள் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பையிலும் மாதம் எழுதியிருந்தது. நாலு மாத மருந்து. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

கதவைப் பிடித்தபடியே நின்றேன். குளிர் என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"கிளினிக்ல என்ன சொன்ன?"

"இனிப்பு சாப்பிட்டேன்னு சொன்னேன். அவங்க அளவைக் கூட்டிக் குடுத்தாங்க."

"ஏன்?"

"ஊசியை நம்புறேனா, ஆண்டவரை நம்புறேனான்னு தெரியணும்லக்கா. ரெண்டும் இருந்தா எப்படிப் பார்க்கிறது? ஒன்னை எடுத்துட்டுத்தான் பார்க்கணும்."

"பாஸ்டரே பிரஷர் மாத்திரை போடுறாருடி."

"அவருக்கு விசுவாசம் இருக்குன்னு அவருக்குத் தெரியும். போடலாம்." காலைப் பார்த்துக்கொண்டாள். "எனக்குத் தெரியலையே."

போதகருக்குப் போன் செய்தேன். அரை மணியில் வந்தார். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வேனில் சொன்னதையும் சேர்த்து. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நான் உங்களுக்கு என்ன சொல்லிக்குடுத்தேன்? நாம செய்யிறதுக்கு ஒன்னும் இல்லன்னுதானே? நீங்க விசுவாசத்தையே ஒரு வேலையா ஆக்கிட்டீங்கம்மா. அதை எடைபோட்டுப் பார்க்கிறீங்க. அது உங்க சாமர்த்தியம் இல்ல. உங்க கை எவ்வளவு பலமா பிடிச்சிருக்குன்னு யாரும் பார்க்கப் போறதில்ல."

அவள் அவர் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. கடைசியில் கேட்டாள்:

"அப்ப அதுலயும் நான் தோத்துட்டேனா பாஸ்டர்?"

போதகர் நல்ல மனிதர், படித்தவர். அந்த ஒரு கேள்விக்கு அவர் தரையைப் பார்த்ததை நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

அன்று மத்தியானமே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலின் கட்டைப் பிரித்தபோது நான் வெளியே வந்துவிட்டேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னார். சம்மதத் தாளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் பேனாவை வாங்கவில்லை. கொஞ்சம் பார்க்கணும், ஒரு நாள் குடுங்க என்றாள். தொழிற்சாலையில் சொல்வது மாதிரியே சொன்னாள். டாக்டர் கெஞ்சினார். போதகர் கெஞ்சினார். சிலிம் ரிவரிலிருந்து அவளுடைய அக்கா வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் எல்லாருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

மூன்றாம் நாள் காலை அவளாகவே தாளைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குள் காய்ச்சல் ஏறிவிட்டிருந்தது. சாயங்காலம் அறுவைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் அவளுடைய அக்கா சாப்பிடப் போயிருந்தாள். நான் மட்டும் இருந்தேன். அவள் உதடு வெடித்திருந்தது. பஞ்சில் தண்ணீர் நனைத்து வைத்தேன்.

"அக்கா."

"பேசாத. தூங்கு."

"உள்ள பார்த்தேன்க்கா. மூணு நாளா பார்த்தேன். ஒன்னுமே இல்ல."

"பார்க்காத."

"ஒரு ஓரத்துலயாச்சும் கொஞ்சம் இருக்கும்னு நெனச்சேன். இல்லக்கா. காலியா இருக்கு. இப்ப பார்க்கவும் தெம்பு இல்ல."

அவள் பயத்தில் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். தம்பி இறந்த கதையைச் சொன்ன அதே குரலில் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்தேன். கொதித்தது. ஏழு வயதில் ஒப்பித்ததை எல்லாம் தேடிப் பார்த்தேன், ஒரு சொல்லும் உதவிக்கு வரவில்லை.

"நான் உனக்காக நம்புறேன்," என்றேன். "நீ விட்டுடு."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அப்படி முடியாதுன்னு பாஸ்டர் கிளாஸ்ல சொன்னாரே."

"முடியும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. என்கிட்ட இருக்கிறது ரெண்டு பேருக்கும் போதும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தொழிற்சாலையில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்க்கிற அதே பார்வை. நெற்றி, கண், வாய் என்று மெதுவாக நகர்ந்தது. என் வாழ்நாளில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. இமைத்தால் தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. இமைக்காமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

"சரிக்கா," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரல்கள் என் கைக்குள் தளர்ந்தன. பதினோரு வருஷத்தில் ஒருவர் சொன்னதை அவள் மறுபடி சோதிக்காமல் ஏற்றுக்கொண்டதை அன்றுதான் கண்டேன்.

அறுவைக்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

அடக்க ஆராதனையில் போதகர், விசுவாசத்தில் மரித்த நம் சகோதரி என்று வழக்கமான வார்த்தைகளைத்தான் சொன்னார். சொல்லும்போது ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தொழிற்சாலையிலிருந்து மலாய்ப் பெண்கள் நாலு பேர் வந்து வாசலில் நின்று அழுதார்கள். வேன் டிரைவர் அண்ணனும் வந்திருந்தார்.

எல்லாரும் போன பிறகு போதகரிடம் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். நான் அவளிடம் பொய் சொல்லிவிட்டேனா என்று கேட்டேன். அவர் சவப்பெட்டி வைத்திருந்த பெஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் நகர்த்தினார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

"நானா இருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்," என்றார். பிறகு, "எனக்குத் தைரியம் வந்திருக்காது," என்றார்.

"அது பதில் இல்லையே பாஸ்டர்."

"ஆமாம்க்கா," என்றார் அவர். "பதில் இல்ல."

எதிர்வீட்டுக்கு இப்போது வேறு குடும்பம் வந்துவிட்டது. நான் வேலையை விட்டு நாலு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடுவதில்லை. விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்து நிற்கும்போது நானும் நிற்கிறேன். தமிழில் 'விசுவாசிக்கிறேன்' என்ற சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. அதுவரைக்கும் எல்லாரோடும் சேர்ந்தே வருகிறேன். அந்தச் சொல்லுக்கு முன்னால் என் வாய் நின்றுவிடுகிறது. சபை சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நான் பின்தங்கி, மெதுவாக, முதலில் அவளுக்காக ஒரு தடவை சொல்கிறேன். எனக்காகச் சொல்ல வேண்டிய இன்னொன்று சில வாரங்களில் வருவதே இல்லை.